நாற்பத்தேழு கதவுகள்

"சர்க்கரை டெஸ்ட் பண்ணீங்களா அண்ணே? காலையில நடக்குறீங்கல்ல? அண்ணி சொல் பேச்சு கேக்குறீங்களா?" என்று அடுக்கிக்கொண்டே போகிறார் அக்கா. தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருக்கிறது. கைகள் இரண்டும் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருக்கின்றன. எதிர்முனையில் இருப்பவர் ஒரு காலத்தில் படத்துக்குப் படம் கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போன வில்லன். இப்போது வயது எண்பத்து மூன்று. இந்த விசாரணையெல்லாம் எதற்கு என்று அவருக்கும் தெரியும். "இன்னும் போகலைம்மா. போகும்போது உனக்குச் சொல்லிட்டுத்தான் போவேன்" என்கிறார். "நூறு வயசு இருங்கண்ணே, எனக்கும் வேலை மிச்சம்" என்று சொல்லி வைத்துவிட்டு, பெயர்கள் எழுதிய அட்டையில் ஒரு புள்ளி வைத்து, அடுத்த எண்ணை அழுத்துகிறார்.

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் இப்படிப் பதினைந்து இருபது பேரிடமாவது பேசிவிடுவார். எல்லாரும் எழுபதைத் தாண்டிய நடிகர் நடிகைகள். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் பேசுகிறார். அதை நேராகக் கேட்க முடியுமா? அதனால் சர்க்கரையைக் கேட்பார், தூக்கத்தைக் கேட்பார், பேத்தியின் பரீட்சையைக் கேட்பார். கேட்டுக் கேட்டு இப்போது அந்தப் பேத்திகளின் மதிப்பெண் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

தொலைக்காட்சி நிலையத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், பழைய படங்களையும் தொடர்களையும் சேர்த்து வைத்திருக்கும் அறை அக்காவினுடையது. முப்பத்தொரு வருடமாக அங்கேதான் இருக்கிறார். நாடாக்கள் கெடாமல் இருக்க அறையை எப்போதும் குளிராக வைத்திருப்பதால் வெயில் கொளுத்தும் நாளிலும் காலில் கம்பளி உறையோடுதான் உட்கார்ந்திருப்பார். நடிகர் ஒருவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால் அரை மணி நேரத்துக்குள் ஒரு நிமிட அஞ்சலி தயாராக வேண்டும். எந்தப் படம், எந்தக் காட்சி, எந்த வசனம் என்று எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் 'சித்திரகுப்தன்' என்பார்கள். பெண்ணாயிற்றே என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. முகத்துக்கு நேரே எல்லாருக்கும், அவரைவிட மூத்த காவலாளிக்குக்கூட, அவர் அக்காதான்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் அக்காவுக்குச் சறுக்கியது. படங்களில் அண்ணனாகவே நடித்துக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். அவசரத்தில் அக்கா எடுத்துக் கொடுத்தது, தம்பியாகவே நடித்துக்கொண்டிருந்தவரின் காட்சியை. அந்தத் 'தம்பி' தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே தன் அஞ்சலியை முழுக்கப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிலையத்துக்குப் பேசினார். கோபமே இல்லை. "ரொம்ப நல்லாச் சொல்லியிருந்தீங்க. இதையே ஒரு வருசம் முன்னாடி சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு படம் கிடைச்சிருக்கும்" என்றார். அக்கா பழக்கூடையோடு போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். திங்கட்கிழமைப் பேச்சு அந்த வாரத்தில் ஆரம்பித்ததுதான்.

அக்காவோடு சினிமாவுக்குப் போவதைப் போல ஒரு தண்டனை கிடையாது என்று அவர் கணவரே சொல்கிறார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், சிரித்த முகம். "ஹீரோயின் குலுங்கிக் குலுங்கி அழறாங்க, தியேட்டரே மூக்கைச் சிந்துது. இவ என் கையைப் பிடிச்சு இழுத்து, பின்னாடி டீ ஊத்துறானே அவன் யாருன்னு தெரியுதான்னு கேக்குறா. எனக்கெப்படித் தெரியும்? நானா அவனுக்கு டீத்தூள் வாங்கிக் கொடுத்தேன்?" அக்காவுக்குக் கதாநாயகர்களைப் பற்றிக் கவலையில்லை. அவர்கள் பெயர்தான் சுவரெல்லாம் இருக்கிறதே. மூலையில் நிற்பவர்களைத்தான் பார்த்துவைத்துக்கொள்வார், பார்த்தால் மறக்கவும் மாட்டார். கம்ப்யூட்டரில் பெயரைப் போட்டுத் தேடினால் பெயர் உள்ளவர்கள் வருவார்கள். பெயர் போடாதவர்களைத் தேட அக்காவிடம்தான் வர வேண்டும்.

அப்படித்தான் போன வருடம் ஒரு பெண் வந்தாள். தையற்கடையில் வேலை செய்பவள்; கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தாள். அவள் அம்மா இறந்து மூன்று மாதமாகியிருந்தது. "எங்கம்மா நடிகை. மேக்கப்போட ஒரு போட்டோ இருந்தா கொடுங்க, மாட்டி வைக்கணும்" என்றாள். படம் எடுப்பவர்கள் மத்தியில் அந்த அம்மாவுக்குப் பெயர் 'கதவம்மா'. பணக்கார வீடு என்று திரையில் காட்ட வேண்டுமானால் கதவைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும் அல்லவா? ஐம்பது வருடமாக அந்த ஆள் அவர்தான். கதவைத் திறப்பார், "வாங்க" என்பார், ஒதுங்குவார். கேமரா கதாநாயகனோடு உள்ளே போய்விடும்.

இறந்தபோது பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. அது அவளுக்கு வருத்தமில்லை. மாமியார் வீட்டில் யாரும் நம்பவில்லை என்பதுதான் வருத்தம். "எந்தப் படத்துல பேரு வந்துச்சுன்னு கேக்குறாங்க. எங்கயும் வரலையே, நான் என்னத்தைக் காட்டுவேன்? ஸ்டூடியோவுல கூட்டிப் பெருக்கியிருப்பாங்க, அது ஒண்ணும் கேவலம் இல்லை, ஆனா பொய் எதுக்கு சொல்லணும்னு எங்க அத்தை கேக்குறாங்க. செத்தவங்களைப் பொய்க்காரின்னு சொன்னா எப்படிக்கா பொறுத்துக்கறது?" அக்காவுக்குச் சுருக்கென்றது. யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார். "அடுத்த மாசம் நம்ம சேனல் விருது விழா நேரடியா வருது. இந்த வருசம் மறைஞ்சவங்களைக் காட்டுவோம். அதுல உங்கம்மா வருவாங்க, பேரோட. உங்க அத்தையை டிவி முன்னாடி உக்கார வை."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். அந்த வருடம் மறைந்தவர்கள் பட்டியலில் பதின்மூன்று பேர். புதிதாக வந்திருந்த நிகழ்ச்சி மேலாளர், வயது முப்பத்து நான்கு, பன்னிரண்டு பேர் போதும் என்று சொல்லிவிட்டார். ஆளுக்கு இருபது வினாடி, கடைசிப் பெயரை அடித்துவிடுங்கள் என்றார். கடைசிப் பெயர் கதவம்மாவுடையது.

"ஜனங்களுக்குத் தெரிஞ்ச முகம்தான் வேணும் அக்கா. தெரியாத முகம் வந்தா சேனலை மாத்திடுவாங்க."

"முகத்தைக் காட்டாம விட்டது யாரு சார்? அவங்களா?"

நாலு பேர் முன்னால் 'சார்' என்பதும், தனியாக அகப்பட்டால் 'தம்பி' என்பதும் அக்காவின் வழக்கம். தனியாக அகப்பட்டபோது தம்பியை விடவில்லை. அவரும் கடைசியில் சலித்துப்போய், "சரி, முகம் தெரியுற மாதிரி நாலு வினாடி இருந்தா காட்டுங்க, சேர்த்துக்கறேன்" என்றார். அவ்வளவு இருக்காது என்ற தைரியம்தான்.

இல்லைதான். பதினொரு நாள் அக்கா தேடினார். எந்தப் படத்தில் பெரிய வீடு வருகிறது, எந்தத் தொடரில் அழைப்பு மணி அடிக்கிறது என்று நினைவிலிருந்தே எழுதிவைத்துத் தேடினார். வழக்கமாக உரிக்கும் ஆரஞ்சு மேஜையில் கிடந்து காய்ந்தது. கிடைத்தது நாற்பத்தேழு கதவுகள். ஒன்றுகூட ஒன்றேகால் வினாடிக்கு மேல் இல்லை. பழைய ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் பேசியபோது அவர் சொன்னார்: "அந்தம்மா மாதிரி கதவு திறக்க இன்னொரு ஆள் கிடையாதும்மா. திறந்ததும் அரையடி விலகணும். ஒரு அடி விலகினா கேமராவை மறைக்கும், விலகலைன்னா ஹீரோ மூஞ்சியில நிழல் விழும். அவங்களுக்கு மட்டும் நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை." அத்தனை சரியாக விலகியதால்தான் அத்தனை சீக்கிரம் காணாமல் போயிருக்கிறார். அக்காவுக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

எந்தெந்தக் காட்சி இருக்கிறது என்று ஒருமுறை மொத்தமாகப் பார்த்துவிடலாம் என்றுதான் எடிட்டரிடம், "வருச வாரியா ஒட்டிக் காட்டுப்பா, இடைவெளி விடாதே" என்றார். எடிட்டர் ஒட்டி ஓடவிட்டார். முதல் கதவு கறுப்பு வெள்ளை. திறக்கிற பெண்ணுக்கு வயது இருபது இருக்கும், ரெட்டைச் சடை. அடுத்த கதவு, அடுத்த கதவு. நிறம் வந்தது. சடை கொண்டையாயிற்று. கண்ணாடி வந்தது. கன்னம் விழுந்தது, தலை நரைத்தது. மரக்கதவு, கண்ணாடிக் கதவு, இரும்புக் கதவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு "வாங்க". இருபத்திரண்டு வினாடியில் ஒரு பெண் எழுபது வயதானாள். எடிட்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, "அக்கா, இன்னொரு தடவை போடட்டா?" என்று கேட்டார். அவர் எதையும் இரண்டாம் தடவை பார்க்க விரும்பும் ஆள் இல்லை.

அக்கா நேரே மேலாளரிடம் போனார். "நாலு வினாடி கேட்டீங்க. இருபத்திரண்டு இருக்கு. ஒரே துண்டா இல்லை, அவ்வளவுதான்." மேலாளர் பார்த்தார். நடுவில் நிறுத்தச் சொன்னார். "இது நான் சின்ன வயசுல பத்துத் தடவை பார்த்த படமாச்சே. இதுல இவங்க இருக்காங்களா?"

"நீங்க ஹீரோவைப் பார்த்திருப்பீங்க தம்பி."

மேலாளர் மீதியையும் ஓடவிடச் சொல்லிப் பார்த்தார். இருபது வினாடி விதியைப் போட்டவரே அவர்தான். ரெண்டு வினாடி கூடுதலாச்சே என்று அக்காவே ஞாபகப்படுத்த, "இருக்கட்டும்" என்றார். "பன்னிரண்டோட பதின்மூணா, கடைசியில வைங்க. இவங்களுக்கு அப்புறம் யாரைப் போட்டாலும் எடுபடாது."

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அரங்கத்தில் அக்காவுக்கு இருக்கை இருந்தது. போகவில்லை. கொடுத்த வாக்குக்கு நேரில் நிற்க வேண்டும் என்று தையற்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டார். சின்னக் கூடம். அந்தப் பெண்ணும் அவள் கணவனும் தரையில், அக்காவுக்கு பிளாஸ்டிக் நாற்காலி. மாமியார் கூடத்தின் நடுவே கைவைத்த நாற்காலியில், கூப்பிட்ட குற்றத்துக்காக வந்து உட்கார்ந்தவர் போல உட்கார்ந்திருந்தார். "நீங்க டிவியில வேலையா?" என்று அக்காவை ஒருமுறை கேட்டதோடு சரி.

பெரிய பெயர்கள் வரிசையாக வந்தன. பெயருக்குத் தக்கபடி அரங்கத்தில் கைதட்டல் ஏறி இறங்கியது. மாமியார் ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் சொன்னார்: "நல்ல மனுசன்." "நல்லா ஆடுவா." பன்னிரண்டாவது ஆள் முடிந்ததும் அந்தப் பெண் தன் புடவைத் தலைப்பைப் பற்களுக்கு இடையில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

முதல் கதவு திறந்தது. அரங்கத்தில் சத்தமே இல்லை. ஐந்தாவது கதவில் யாரோ சிரித்தார்கள். பத்தாவது கதவில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பதினைந்தாவதில் கதவு திறக்கும் தாளத்துக்கே ஒருவர் தட்ட ஆரம்பித்தார், பிறகு வரிசை வரிசையாகத் தட்டினார்கள். கூடத்தில் மாமியார் முன்னால் சாய்ந்தார். "இந்தப் படம் நான் பார்த்திருக்கேன். இதுவும்தான். ஐயோ, இது நாங்க கல்யாணமான புதுசுல போன படம்." நாற்பத்தேழாவது கதவு திறந்து, நரைத்த தலை "வாங்க" என்று சொல்லி அரையடி விலகியதும், திரையில் எழுத்தில் பெயர் வந்தது. ஐம்பது வருடத்தில் முதல் தடவை. அரங்கத்தின் முன்வரிசையில் ஒரு மூத்த கதாநாயகர் எழுந்து நின்றார். அந்தக் கதவுகளில் ஆறு அவருக்காகத் திறந்தவை. அவர் எழுந்ததும் மொத்த அரங்கமும் எழுந்தது.

மாமியார் நாற்காலியின் கைகளை அழுத்திப் பிடித்து, அவரும் எழுந்து நின்றார். "உங்கம்மாதான்" என்றார் மருமகளைப் பார்த்து. அவள் தலையை ஆட்டினாள். அக்கா, அடுத்தவர் வீடாயிற்றே என்றுகூடப் பார்க்காமல், அவள் கணவன் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி, அந்தக் கைதட்டல் தெருக்கோடி வரை கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.