உப்பின பெட்டி

1. ஒரு கிலோ

திங்கட்கிழமை காலையில் மேடம் கூப்பிட்டாங்க. போனேன். கம்ப்யூட்டரில் சிவப்பு சிவப்பாய் வரி.

"ஏகாம்பரம், இது எல்லாம் வெயிட் டிஃபரன்ஸ். நாம அஞ்சு கிலோன்னு போட்டு அனுப்பறோம். கொரியர்காரன் ஆறு கிலோன்னு காசு புடிக்கறான். ஒரு பெட்டி ரெண்டு பெட்டி இல்ல. அத்தனையும்."

எங்கள் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கு. காருக்கு ரெக்சின் சீட் கவர் தைக்கிறோம். நான் பேக்கிங். பத்தொன்பது வருஷம். முன்னே சரக்கெல்லாம் லாரியில் கடைகளுக்குப் போகும். இப்போ ஆன்லைனில் ஆர்டர் வருது. ஒரு வீட்டுக்கு ஒரு செட்.

கொரியர் செலவைக் குறைக்கத்தான் மேடம் இந்த ஷிப்பிங் சாஃப்ட்வேரை வாங்கினாங்க. ஊர் பின்கோடு, எடை, பெட்டியின் நீளம் அகலம் உயரம் போட்டால் எந்தக் கொரியர் எவ்வளவு கேட்பான் என்று வரிசையாய்க் காட்டும். குறைஞ்சதை அமுக்கினால் லேபிள் வரும். முதல் மாசம் நல்லாத்தான் இருந்தது. பில் வந்த பிறகுதான் சிவப்பு.

"இந்த மாசமும் இப்படின்னா ஆன்லைனை மூடிடுவேன். கடை வியாபாரம் போதும்."

ஆன்லைன் டேபிளுக்கென்றே எடுத்த ஆள் செல்வி. ஐயப்பன்தாங்கலில் இருந்து ரெண்டு பஸ் மாறி வருவாள். மூடினால் அவளுக்கு வேலை இல்லை. வாசலில் டேப் ரோலோடு நின்றுகொண்டிருந்தாள். மேடம் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது.

2. யார் ஏற்றின கிலோ

முதலில் தராசைச் சந்தேகப்பட்டேன். ஒரு கிலோ சர்க்கரை பாக்கெட் வாங்கி வைத்தேன். ஒரு கிலோ காட்டியது. அந்தச் சர்க்கரையில் ஒரு வாரம் டீ குடித்தோம்.

அடுத்து சாஃப்ட்வேர். அவங்க நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு பேசியது. "சார், நீங்க என்ன அளவு போட்டீங்களோ, அதை வச்சுத்தான் சிஸ்டம் கணக்குப் போடும்."

மிச்சம் கொரியர். பிக்கப் எடுக்க வரும் பாபுவைப் பிடித்தேன்.

"இன்னா பாபு, எங்க பெட்டியில ஒரு கிலோ எப்பிடி ஏறுது?"

"நைனா, நான் இன்னா உன் பெட்டிய ஊட்டுக்கு எடுத்துகினு போயி சோறு ஊட்டுறனா?"

அப்புறம் விவரம் சொன்னான். அவங்க குடோனில் பெட்டி பெல்ட்டில் ஓடும். மேலே கேமரா இருக்கு. நீளம் அகலம் உயரத்தை அதுவே அளக்கும். மூணையும் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்தால் ஒரு எடை வரும். தராசு எடையா, இந்த எடையா, எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் காசு.

அது எனக்கும் தெரியும். எங்கள் பெட்டி நாற்பது, முப்பது, இருபது சென்டிமீட்டர். கணக்குப்படி 4.8 கிலோ. கொரியர்காரன் அதை அரை அரை கிலோவாய் மேலே ஏற்றுவான். அஞ்சு. காலிப் பெட்டியை வைத்து நானே அளந்து சாஃப்ட்வேரில் ஏற்றினது.

"அப்போ அளவு டேப் வச்சு போட்டோ எடுத்து கம்ப்ளெய்ன்ட் போடு நைனா. அவன் மேல தப்புன்னா துட்டு திரும்பி வரும்."

மேடம் கம்ப்ளெய்ன்ட் டைப் செய்தாங்க. போட்டோ மட்டும் பாக்கி.

3. போட்டோ

என் பேக்கிங்குக்கு நல்ல பேர் உண்டு. செட்டை மடித்து வைப்பேன். மேலே முழங்காலை ஊன்றி மூடியை அமுக்குவேன். மூணு சுற்று டேப். தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வரணும். லாரியில் பத்துப் பெட்டி அடுக்கினாலும் அடிப்பெட்டி நசுங்காது. செல்விக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அப்படி ஒரு பெட்டி கட்டினேன். செல்வி அளவு டேப்பைப் பிடித்தாள். ஓரத்தில் உயரம் இருபது. போன் கேமராவைத் தூக்கினேன்.

"இரு அண்ணாத்தே. நடுவுல பாரு. பூரி மாரி உப்பிக்கீது."

நடுவில் வைத்தாள். பெட்டி அடியிலும் உப்பி டேபிள்மேல் ஆடியது.

"இருபத்தி நாலு."

"இன்னொரு தபா அள."

"இருபத்தி நாலுதான். ஆயிரம் தபா அளந்தாலும் இருபத்தி நாலு."

பெருக்கிப் பார்த்தேன். 5.76. அரைக் கிலோ கணக்கில் ஆறு.

செல்வி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அந்த ஒரு கிலோவ நீதான் அமுக்கி அமுக்கி வச்சு அனுப்பினுகீற."

லாரிக்காரன் எடைக்குத்தான் காசு வாங்குவான். உப்பினாலும் கேட்கமாட்டான். அந்தக் கை இன்னும் அதே வேலையைச் செய்கிறது.

"நான் மேடம்கிட்ட சொல்லமாட்டேன்" என்றாள்.

அவள் சொல்லாவிட்டால் பழி அவள் டேபிள்மேல்தான் விழும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். செல்வி பின்னாலேயே வந்தாள்.

4. மேடம் ரூமில்

"மேடம், கம்ப்ளெய்ன்ட் அனுப்பாதீங்க. தப்பு என் கையில."

சொன்னேன். மேடம் பெட்டியைத் தட்டிப் பார்த்தாங்க. சத்தம் நல்லா வந்தது.

"நல்ல வேளை. கொரியர்காரனைத் திருடன்னு எழுதி வச்சிருந்தேன்" என்று அழித்தாங்க. "சரி, இப்போ என்ன பண்றது?"

பெரிய பெட்டி போட்டுப் பார்த்தோம். சாஃப்ட்வேர் அஞ்சரை காட்டியது. மிச்சம் அரைக் கிலோதான். பழைய பெட்டியிலேயே தளர்வாய் மடித்து வைத்தோம், மூட முடியவில்லை. மேடம் மவுஸை விட்டுவிட்டு உட்கார்ந்தாங்க.

செல்விதான் கேட்டாள். "சீட் கவர் இன்னா கண்ணாடியா மேடம், உடையறதுக்கு? அதுக்கு எதுக்குப் பெட்டி?"

நான் இதை ஒருநாளும் யோசித்ததில்லை. சரக்கு என்றால் பெட்டி. அவ்வளவுதான்.

தடித்த பிளாஸ்டிக் கொரியர் கவர் ஒன்றை எடுத்தோம். செட்டை உள்ளே வைத்தோம். காற்று போகவில்லை. செல்வி ஏறி உட்கார்ந்தாள். புஸ்ஸென்று சத்தம். அவள் எழுந்திரிப்பதற்குள் வாயை ஒட்டினேன்.

"உக்கார்றதுக்குத் தனி சம்பளம் வேணும் மேடம்."

உப்பின இடத்தில் அளந்தோம். முப்பத்தெட்டு, முப்பது, பதினாறு. மூணே முக்கால்கூட வரவில்லை. தராசில் 3.9. பெட்டி எடையும் போச்சு. நாலு கிலோ காசுதான். சாஃப்ட்வேர் வரிசையில் இதுவரை காணாத ஒரு கொரியர், எல்லாரையும்விடக் குறைஞ்ச காசுக்கு, மேலே வந்தது.

ரெக்சினில் மடிப்பு விழுந்தால்? மேடம் அந்தக் கவரைத் தன் வீட்டு அட்ரஸுக்கே அனுப்பிப் பார்த்தாங்க. மடிப்பு இருந்தது. வெயிலில் பத்து நிமிஷம் போட்டதும் போய்விட்டது. அப்படி வெயிலில் போடச் சொல்லி ஒரு துண்டுச்சீட்டு அச்சடித்து எல்லாக் கவரிலும் வைக்கிறோம்.

அடுத்த பில்லில் சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை. ஆன்லைன் டேபிள் இருக்கு. செல்வி இருக்கா. பக்கத்தில் இன்னொரு டேபிளும் போட்டாச்சு.

பேக்கிங் வேலைக்கு வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இதுதான். ஒட்டி முடித்த பிறகு அள. உப்பின இடத்தில் அள. வருகிற அளவைப் போடு. வரவேண்டிய அளவைப் போடாதே.