நான்கு அரசுகளும் ஓர் ஒலிபெருக்கியும்

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. அதிகாரிகள் சொல்வதை மக்களுக்கும், மக்கள் சொல்வதை அதிகாரிகளுக்கும், யார் மனமும் கோணாதபடி சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

நான்கு நாட்டு அரசுகள் சேர்ந்து ஒரு பண்பாட்டுக் கொள்கையை வகுக்கச் சென்னையில் கூடியிருந்தன. இரண்டு நாள் பேசியும் 'மரபு' என்றால் என்னவென்று ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. சரி, பொதுமக்களையே கேட்போம் என்றார்கள். இடம் தேடியபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், திருமுல்லைவாயிலில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூடம் இருப்பதைச் சொல்லிவிட்டேன்.

இருபது பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் சமோசாவுக்காக. முன்வரிசையில் என் எதிர்வீட்டுப் பெண்மணி. பாடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட் பார்ப்பவர்.

குளிர்நாட்டிலிருந்து வந்த உயரமான அம்மையார் பண்பாட்டு உரிமைகள் பற்றி நீளமாக ஒரு கேள்வி கேட்டார். நான் சுருக்கினேன்: "உங்க திருவிழா, பாட்டு எல்லாம் நல்லபடியா நடக்குதான்னு கேக்குறாங்க."

"நடக்குது. அதான் கஷ்டமா கீது," என்றார் எதிர்வீட்டுப் பெண்மணி. "ஆடி பொறந்தா ஸ்பீக்கரக் கரெக்டா என் ஊட்டு ஜன்னலுக்கு நேரா கட்டிடுறாங்க. ஷிப்ட் முடிஞ்சு வந்து படுக்கவே ஒரு மணி ஆவுது. நாலரைக்குப் பாட்டு. அம்மனுக்குக் காது நல்லாத்தானே கேக்குது?"

ஊர் மானம் போகக்கூடாதே என்று, "எங்கள் மக்கள் விழாக்களின் ஒலியோடு ஒன்றி வாழ்கிறார்கள்" என ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் பூரிப்போடு குறித்துக்கொண்டார்.

"அண்ணா," என்றார் எதிர்வீட்டுக்காரர். "நான் ஸ்பீக்கர்னு சொன்னேன். நீங்க சொன்னதுல அது வரவேயில்ல. அது இங்கிலீஷ் வார்த்தைதானே?"

கூடமே சிரித்தது. வேறு வழியில்லாமல் சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தேன், அம்மன் காது உட்பட.

அதற்குப் பிறகுதான் கூட்டம் களைகட்டியது. அம்மையாரின் ஊரில் தேவாலய மணி மீது அவருடைய அம்மாவே மனு கொடுத்திருக்கிறாராம். தீவு நாட்டு அதிகாரியின் தெருவில் மேளம் ஓய்வதே இல்லை. அடிப்பவர் தன் மனைவியின் தம்பி என்பதால் எதுவும் கேட்க முடியாது என்றார்.

"மச்சான்னா எந்த ஊரா இருந்தாலும் மச்சான்தான்," என்றார் எதிர்வீட்டுக்காரர். இதை மொழிபெயர்க்கச் சிரமமே இருக்கவில்லை.

இறுதி அறிக்கையில், விழா நடக்கும் இடத்தருகே குடியிருப்போரின் நலனும் கருதப்படும் என்று ஒரு வரி சேர்ந்தது. நால்வரும் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்ட ஒரே வரி. என் தமிழாக்கத்தை அச்செடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரர் கோயில் கமிட்டிக்குப் போனார். நான்கு அரசு முத்திரைகளைப் பார்த்து அவர்கள் சற்று மிரண்டிருக்க வேண்டும். அடுத்த ஆடியில் ஒலிபெருக்கியைத் திருப்பிக் கட்டினார்கள், என் வீட்டைப் பார்த்து.

கமிட்டிக்காரர் ஒருவரிடம் முறையிட்டேன்.

"நீங்க ஊட்லயே குந்திகினு வேலை பாக்குற ஆளு சார். மத்தியானமா தூங்கிக்கலாமே," என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. அந்த ஆடி முழுக்க மத்தியானத்தில் தூங்கினேன்.