டார்ம்ஸ்டாட்டில் ஒரு ஒன்ஸ் மோர்

1971 நவம்பர், ஒரு ஞாயிறு. பகல் 1.10க்கு பிராங்பேர்ட்டில் ரயில் ஏறினோம். டார்ம்ஸ்டாட் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. டிக்கெட் மூன்று மார்க். கூட வந்தவன் ஆய்வுக்கூடத் தோழன் அந்தோணி, பாளையங்கோட்டைக்காரன். பார்க்கப் போனது பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நகைச்சுவை ஓபரா. எனக்குக் கலை ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். கடுகு தாளித்த குற்றத்துக்காக, மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார் வீட்டுக்கார கெல்லர் அம்மாள். அவர் மகள் ஹெல்காவுக்கு அந்த ஓபராவில் வேலைக்காரி வேஷம். ஒரே ஒரு பாட்டு. அம்மாளின் மனம் இளக எனக்கிருந்த கடைசி வழி அந்தப் பாட்டுதான்.

"தூங்கிராதல. கொறட்டை விட்ட, ரூம் போச்சு" என்றான் அந்தோணி.

"நான் எங்கடா கொறட்டை விட்டேன்?"

"அத பக்கத்துல படுத்தவன்ட்ட கேளு."

2.30. அரங்க வாசலில் மேல்கோட்டைக் கழற்றிக் கொடுத்தே ஆகவேண்டுமாம், அரை மார்க் வேறு. உள்ளே கிழிந்த ஸ்வெட்டர். காசு கொடுத்து மானத்தை இழந்தேன்.

3.00. பிரெஞ்சுக்காரர் எழுதியதை ஜெர்மன்காரர்கள் ஜெர்மனில் பாட, தமிழன் நான் தலையாட்டினேன். பேசிக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று பாட்டு வரும். நம் நாடகக் கொட்டகையேதான். ஆர்மோனியம் இருக்கவேண்டிய இடத்தில் வயலின்கள். அதில்தான் இருக்கிற ஊர் மறந்துபோயிற்று.

ஹெல்கா துடைப்பத்தோடு வந்து, பண்ணையாரைக் கிண்டலடித்துப் பாடினாள். சின்னக் குரல், நல்ல குரல். முடிந்ததும் நாலு கைதட்டல். முன்வரிசையில் கெல்லர் அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் விழித்திருப்பது அவருக்குத் தெரியவேண்டாமா?

"ஒன்ஸ் மோர்!"

அரங்கம் மொத்தமும் திரும்பியது.

"யார்ல இவன்?" என்று, என்னைத் தெரியாதவன்போல, அந்தோணி பக்கத்துத் தூணிடம் விசாரித்தான்.

வாத்தியங்களை நடத்துகிறவர் என்னைப் பார்த்தார், ஹெல்காவைப் பார்த்தார். அவள் சிரித்துவிட்டாள். அவர் இசை நோட்டைப் பின்னால் புரட்டிக் கோலை உயர்த்தினார். இரண்டாம் தடவை துடைப்பத்தை என் பக்கம் நீட்டியே பாடினாள். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

6.15, ரயிலடி. கெல்லர் அம்மாள் எங்களை நோக்கி வேகமாக வந்தார். மனத்துக்குள் பெட்டி கட்டத் தொடங்கினேன்.

"எட்டு வருஷமாகப் பாடுகிறாள், ஹெர் கணேசன். திரும்பப் பாடு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அறையிலேயே இருங்கள்."

நம் ஊரில் ஒன்ஸ் மோர் கேட்டால் பாட்டுத்தான் கிடைக்கும். இங்கே வீடே கிடைக்கிறது. அந்தத் தைரியத்தில் கேட்டேன்: "அப்படியானால் கடுகு?"

"அதற்கு" என்றார் அம்மாள், "ஒன்ஸ் மோர் கிடையாது."