இரண்டு படிக்கு மேலே என் படம்

சென்ற மாதம் சிங்கப்பூர் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. குண்டு எறிதலிலும் பளுதூக்குதலிலும் பாராலிம்பிக் வரை போய்விட்டு இப்போது நீச்சலுக்கு மாறியிருக்கிறேன். என் உடல் எந்தப் பிரிவில் வரும் என்று மருத்துவர்கள் சோதித்துச் சொன்னால்தான் தண்ணீரில் இறங்கலாம். சோதனை வியாழன் காலை 10.30. தாமதித்தால் போட்டியே கிடையாது.

புதன் மாலை 4.10க்குத் தரையிறங்கினேன். சாங்கி விமான நிலையத்திலிருந்து எக்ஸ்போவில் ரயில் மாறி லிட்டில் இந்தியா வரை ஐம்பது நிமிடம், சுமார் இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்). எல்லா நிலையத்திலும் மின்தூக்கி உண்டு. சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் ரயிலை நம்பலாம்.

விடுதியைத்தான் நம்பக் கூடாது. 'சக்கர நாற்காலி வசதி உண்டு' என்று போட்டிருந்த விடுதியின் வாசலில் இரண்டு படி. மேலாளர் நம் தமிழர், நாற்பது வயதிருக்கும், சிங்கப்பூர் வழக்கப்படி பேச்சில் ஒரு 'லா' சேர்ப்பவர்.

"உள்ள லிஃப்ட் இருக்கு லா மேடம்."

"லிஃப்ட் வரைக்கும் எப்படி வர்றது?"

"நாங்க தூக்கிருவோம்."

நாற்காலியைத் தூக்கினால் அடிச்சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். சொன்னேன், இரண்டு முறை. மேலாளரும் உதவியாளரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்தார்கள். அது கழன்று வருவதற்கென்றே செய்தது. ஒரு பக்கம் கையோடு வந்துவிட, நாற்காலி 'டமால்' என்று இறங்கியது. முன்சக்கரத்தின் பேரிங் நொறுங்கிவிட்டது. மேலே கொண்டுபோய் விட்டதும் அந்த மனிதர் போனை எடுத்தார். "நீங்க ரொம்ப இன்ஸ்பிரேஷன் மேடம், ஒரு செல்ஃபி." எடுத்தும் விட்டார்.

மறுநாள் காலை அவர்களைக் கொண்டே படியிறங்கி, முன்சக்கரங்களைத் தூக்கியபடி பின்சக்கரங்களிலேயே ஜாலான் புசார் வரை எழுநூறு மீட்டர் உருட்டினேன். நீந்த வேண்டிய தோள் அங்கேயே பாதி செத்தது. 8.30க்கு அங்கே ஒரு வன்பொருள் (ஹார்டுவேர்) கடை திறந்தது. கடைக்காரர் தேவகோட்டைக்காரராம். என்னைப் பார்க்கவில்லை, சக்கரத்தைத்தான் பார்த்தார்.

"அறுநூத்தெட்டு சைஸ். ஸ்கேட்போர்டுக்குப் போடுறதுதான். இன்னொரு பக்கமும் தேஞ்சு கெடக்கு. கிரீஸ் போட்டு எத்தன நாளாச்சு? இப்படியா வச்சிருப்பீங்க?"

திட்டினார். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! இரண்டு பேரிங், ஆறு வெள்ளி. அவரே மாட்டினார். படி விஷயத்தைச் சொன்னதும், "ரெண்டு மீட்டர் பலகை இருக்கு, சாப்பாட்டு நேரத்துல நானே கொண்டாந்து போட்டுர்றேன்" என்றார். பலகைக்குப் பதினெட்டு வெள்ளி.

சோதனை நடக்கும் இடத்தை ஒட்டிய ஸ்டேடியம் ரயில் நிலையத்துக்கு 10.05க்குப் போய்ச் சேர்ந்தேன். பிரிவு கிடைத்தது. வெள்ளிக்கிழமை நீந்தினேன், நான்காவது இடம். அந்த எழுநூறு மீட்டர் இல்லையென்றால் மூன்றாவது வந்திருப்பேன். இதை யாரும் எனக்கு ஆறுதல் சொல்லி மாற்ற முடியாது.

வியாழன் மதியமும் வெள்ளி காலையும் பலகையில் நானாகவே ஏறி இறங்கினேன். வெள்ளி மாலை திரும்பினால் பலகையைக் காணோம். குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார்கள்.

"மத்த கஸ்டமர் தடுக்கி விழுந்துருவாங்க லா மேடம்" என்றார் மேலாளர், மேல் படியில் நின்றபடி. "உள்ள உங்க போட்டோவ ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கோம், பாத்தீங்களா?"

நான் கீழே இருந்தேன்.

போகிறவர்களுக்கு: பதிவு செய்யுமுன் வாசலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கதவின் அகலத்தைக் கேளுங்கள். இரண்டு பேரிங் கையோடு வைத்திருங்கள். அந்த விடுதியில் என் படம் இன்னும் தொங்குகிறதாம். நடக்கத் தெரிந்தவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.