குப்புற விழாத பிள்ளை

எங்கள் வீட்டில் பிள்ளை வளர்வதைப் பலகாரம் செய்துதான் ஊருக்குச் சொல்வார்கள். குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்கெல்லாம் கொடுக்க வேண்டும். தவழ ஆரம்பித்தால் பணியாரம். அதற்கு மேல் என்னென்ன உண்டோ அத்தனையும் ஏழு வயதில் எனக்கு மனப்பாடம். பச்சைப் பிள்ளைகள் மேல் அப்போது எனக்கிருந்த அக்கறை பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆவணியில் ஆண் பிள்ளை பிறந்தது. அவளைக் கட்டிக்கொடுத்த இடம் கூடலூர். மச்சானுக்கு அங்கே வீடு இருந்ததே தவிர, வருஷத்தில் பாதிக்கு மேல் குமுளிக்கு அந்தப் பக்கம் மலையில், ஏலத்தோட்டத்தில்தான் இருப்பார். காய் பறிக்கிற ஆட்களுக்குச் சோறாக்கப் பெண் துணை வேண்டும் என்று கல்யாணமான முதல் வருஷமே அக்காவையும் மேலே கூட்டிப் போனார். அந்த மழைக்காலத்தில் மச்சானுடைய அண்ணன் பிள்ளைகள் இரண்டும் மலைக்காய்ச்சலில் போய்விட்டன. இரண்டையும் கடைசியாகக் குளிப்பாட்டியது அக்காதான். இதை அவள் அம்மாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கேட்டுக்கொண்டே கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன்.

பிள்ளை குப்புற விழுகிறவரை தாயையும் பிள்ளையையும் வண்டி ஏற்றி அனுப்பக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு முறை. நாலாம் மாதத்தில் பிள்ளை விழும், இங்கே கொழுக்கட்டை வேகும், செய்தி போனதும் மாமியார் வீட்டிலிருந்து வண்டி கட்டி வருவார்கள். மார்கழியும் வந்தது. எங்கள் பிள்ளை விழவில்லை. எதிர்வீட்டில் பத்து நாள் பிந்திப் பிறந்த பெண் பிள்ளை விழுந்து, அந்தக் கொழுக்கட்டையும் நான் தின்று செரித்து, அது கிலுகிலுப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கடிக்கவே ஆரம்பித்துவிட்டது. எங்கள் பிள்ளைக்கும் அவன் அப்பத்தா கொடுத்துவிட்ட மரக் கிலுகிலுப்பை ஒன்று இருந்தது. "சத்தங் கேட்டா பயப்புடுறான்" என்று சொல்லி அக்கா அதைப் பெட்டிக்குள் வைத்திருந்தாள்.

அவனை அவள் பாயில் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஒன்று மடி, இல்லாவிட்டால் சேலைத் தொட்டில். தொட்டிலுக்குள் குழிந்து கிடக்கிற பிள்ளை எந்தப் பக்கம் புரளும்?

"கீழ போடுடி. காலு கைய ஆட்டட்டும்" என்பாள் அம்மா.

"எறும்பா அலையுதும்மா."

யாராவது தூக்கக் கை நீட்டினால், "இப்பத்தான் பால் குடிச்சான், கக்கிப்புடுவான்" என்று திரும்பிக்கொள்வாள். ஆனால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உள்ளே இருக்கும்போது சிரிப்புச் சத்தம் கேட்கும். அவனும் சிரிப்பான், அவளும் சிரிப்பாள். நான் தட்டினால் உடனே நின்றுவிடும்.

கூடலூரிலிருந்து சந்தைக்கு வருகிற வண்டிக்காரர் வாரம் தவறாமல் எங்கள் வாசலில் மாட்டை நிறுத்துவார். "பிள்ளை விழுந்துட்டானான்னு கேட்டு வரச் சொன்னாக" என்பார். "இன்னும் இல்லைன்னு சொல்லுங்கண்ணே" என்று அக்கா உள்ளிருந்தபடியே பதில் சொல்வாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். பிள்ளைக்கு விளக்கெண்ணெய் தேய்த்துப் பார்த்தாள், கயிறு மந்திரித்துக் கட்டினாள், நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை. தெருவில் மெல்ல ஒரு வார்த்தை கிளம்பியது, பிள்ளை மந்தம் என்று.

தை முடிவதற்குள் வண்டிக்காரர் வேறொரு பேச்சைக் கொண்டுவந்தார். மந்தப் பிள்ளையைப் பெற்றவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மகனுக்கு வேறு இடம் பார்க்கலாமா என்று அங்கே யோசிக்கிறார்களாம். அன்று அம்மா உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எம்புள்ள பொழப்பு போச்சே" என்று அழுதாள். எனக்கு அக்கா மேல் உயிர். அவளுக்கு ஒன்று என்றால் நான் சும்மா இருப்பேனா? கொழுக்கட்டை ஆசையும் கூடவே இருந்தது. எது முந்தி, எது பிந்தி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மாசியில் மாமியாரே வந்து இறங்கினார். உயரமான மனுஷி, குரலும் உயரம். வந்ததும் தொட்டிலை விலக்கிப் பேரனைப் பார்த்தார்.

"கண்ணு முழி நல்லாத்தான இருக்கு? ஏத்தா, நீ போயித் தலைக்கு ஊத்திட்டு வா. நான் பாத்துக்கிறேன்."

"தூங்குற நேரம் அத்தை. தொட்டில்லயே கெடக்கட்டும்."

கிணற்றடிக்குப் போகுமுன் அக்கா என்னைத் தனியே இழுத்தாள். "தொட்டில ஆட்டிக்கிட்டே இரு. யாரு சொன்னாலும் வெளிய எடுக்காத. எடுக்க மாட்டேல்ல?" என்றாள். "மாட்டேன்" என்றேன். மாமியார் அம்மாவோடு பேசிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனார். இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று எனக்குப் பட்டது. அவனைப் புரட்டிப் போட்டுவிட்டால் போதும், மந்தமும் இல்லை, வேறு இடமும் இல்லை.

தூக்கிப் பாயில் மல்லாக்கப் போட்டேன். பெட்டியைத் திறந்து கிலுகிலுப்பையை எடுத்து அவன் தலைமாட்டில் வைத்தேன். இடுப்பில் என் கை பட்டதோ இல்லையோ, பையன் ஒரு காலைத் தூக்கிப் போட்டு அலுங்காமல் திரும்பிவிட்டான். அடியில் சிக்கிய கையைத் தானே உருவி எடுத்தான். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் எட்டிக் கிலுகிலுப்பையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.

முதல் தடவை விழுகிற பிள்ளைக்கு அடியில் மாட்டின கையை எடுக்கத் தெரியாது. வீடு கிடுகிடுக்கக் கத்தும். நான் நாலு பெற்ற பிறகு தெரிந்துகொண்ட சங்கதி இது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? "அம்மா! விழுந்துட்டான், விழுந்துட்டான்!" என்று கத்தினேன்.

அம்மா ஓடிவந்து அவனைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் குலவை போட்டார். அந்தக் குலவைச் சத்தத்துக்கு எதிர்வீடும் வந்தது, பக்கத்து வீடும் வந்தது. ஈரத்தலையோடு அக்கா பின்வாசலில் வந்து நின்றாள். பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, துவட்டவில்லை.

"யாரு கண்ணு பட்டுச்சோ, இன்னிக்கித்தான் வழி விட்டிருக்கு. புதங்கெழம நல்லாருக்கு மதினி, தாயையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மாமியார் அம்மாவிடம். என் கன்னத்தைக் கிள்ளி, "கைராசிக்காரிடி நீ" என்று எனக்கும் ஒரு பட்டம் கொடுத்தார்.

மாவு இடித்துக் கொழுக்கட்டை அவித்தார்கள். நான் வயிறு முட்டத் தின்றேன். அக்கா ஒன்றுகூடத் தொடவில்லை. சாயங்காலம் என் தலையை வாரிவிடக் கூப்பிட்டாள். பாதிப் பின்னலில் கை நின்றது.

"கொழுக்கட்ட வேணும்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லடி. நான் அவிச்சுத் தந்திருப்பேனே."

பிள்ளை விழாமல் கொழுக்கட்டை எப்படி அவிக்க முடியும், அக்காவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

புருஷன் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று சொல்ல அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு வழி இல்லை. பிள்ளை இன்னும் விழவில்லை என்று சொல்லத்தான் வழி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அவள் எத்தனை நாள் அவனை விளையாட விட்டுப் பார்த்திருப்பாள், ஆள் அரவம் கேட்டதும் எத்தனை தடவை மல்லாத்தித் தொட்டிலில் போட்டிருப்பாள் என்பதெல்லாம் நான் பின்னால் யோசித்துப் பார்த்தவை. மந்தம் என்ற பேச்சையும், வேறு இடம் என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டு அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த மழைக்காலம் முடிகிறவரை கடத்திவிடலாம் என்று எண்ணினாளோ என்னவோ.

புதன்கிழமைக்குள் பையன் பாயைத் தாண்டிச் சுவரோரம்வரை உருண்டான். முட்டியை ஊன்றி முன்னும் பின்னும் ஆடினான். மூன்று நாளில் இவ்வளவா என்று தெருவே வாயைப் பிளந்தது. எல்லாம் சின்னவள் கை பட்ட ராசி என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். வண்டி கிளம்பும்போது அக்கா அழவில்லை. பிள்ளையை இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் பிடியிலிருந்து நழுவி நழுவி இறங்கப் பார்த்தான்.

பங்குனியில் மலையேறினார்கள். ஆனிச் சாரலில் பிள்ளைக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஆறு நாள். கீழே கொண்டுவர ஆள் திரட்டுவதற்குள் முடிந்துவிட்டது. மச்சானுக்கும் காய்ச்சல். எங்களைப் பெற்ற அய்யா போய் அக்காவைக் கூட்டி வந்தார்.

அதற்குள் என் கைராசி எங்கள் தெருவைத் தாண்டிவிட்டது. ஐந்து மாதமாகியும் விழாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வருவார்கள். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, இடுப்பில் கை வைத்துத் தள்ளுவேன். சில பிள்ளைகள் விழும், சில வீறிடும். விழுந்தால் கொழுக்கட்டையில் முதல் பங்கு எனக்கு.

ஆடியில் ஒருநாள் கீழத்தெருக்காரி ஒருத்தி தன் மகனைக் கொண்டுவந்து எங்கள் பாயில் போட்டாள். நான் கை வைக்கப் போனேன். உள்ளே படுத்துக் கிடந்த அக்கா எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மதினி, தூக்கிட்டுப் போங்க. அவன்பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றாள் அவளிடம்.

அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பிள்ளையை வாரிக்கொண்டு போய்விட்டாள். அப்புறமும் அக்கா என் கையை விடவில்லை. வலிக்கப் பிடிக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. உதறிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"அக்காவுக்கு எம்மேல பொறாமைம்மா" என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பெத்ததப் பறிகுடுத்தவடி அவ. அடுத்த வீட்டுப் பிள்ளையப் பாத்தா அப்படித்தான் இருக்கும். நீ மனசுல வச்சுக்காத" என்றாள்.

சரி போகட்டும் என்று, நானும் பெரிய மனது பண்ணி அக்காவை மன்னித்துவிட்டேன்.