என் வாயில் அவருடைய வாக்கு

போதகர் சிங்களத்தில் பேசுவார். நான் அவருக்குப் பக்கத்தில், அரையடி பின்னால் நின்று, ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லுவேன். அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்பேன். ‘போதகர் சொல்கிறார்’ என்று இடையில் போடக்கூடாது. அது கந்தோரில், அரசாங்க அலுவலகத்தில், உள்ள வழக்கம், மேடையில் எடுபடாது. அதனால் அவருடைய முழங்கால் வலியும், சிறுவயதில் அவர் மாமரத்திலிருந்து விழுந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடையவை ஆகிவிடும். அவருடைய பகிடிகளைக்கூட, யாரும் சிரிக்கப்போவதில்லை என்று தெரிந்தும், கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

என்னை இந்த வேலைக்கு இழுத்தவரே அவர்தான். நான் கண்டியில் ஓர் அரச கந்தோரில் கடிதங்களை மொழிபெயர்க்கிறவள். அங்குள்ள சபையில் கடைசி வரிசையில் இருந்துவிட்டு, ஆராதனை முடிந்த கையோடு குண்டசாலை பஸ்ஸைப் பிடிக்கிற ஆள். அவர் விடவில்லை. எஜமான் தந்த தாலந்துப் பணத்தை மண்ணுக்குள் புதைத்த வேலைக்காரனின் கதையைத் திரும்பத் திரும்பப் பிரசங்கித்தார். கடைசியில் என்னைப் பார்த்துக்கொண்டே பிரசங்கித்தார். கடவுள் தந்த இரண்டு மொழியையும் கந்தோர் மேசையிலேயே பூட்டி வைக்கப்போகிறீர்களா என்று வாசலில் மறித்துக் கேட்டார். என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. “உமக்கேன் தேவையில்லாத வேலை? பேசாமல் ஜெபிச்சுப்போட்டு வாரும்” என்றார். நான் கேட்கவில்லை. பத்திரமாக ஒதுங்கியிருப்பது பாவம் என்று அந்த மனிதர் என்னை நம்பவைத்துவிட்டார்.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் சபைக்கு ஒரு சின்ன மண்டபம் இருந்தது. தேயிலை மலையில் வேலை செய்யும் குடும்பங்கள் ஞாயிறு பின்னேரங்களில் அங்கே கூடும். அதை மூடிவிட்டு எல்லாரையும் கண்டிக்கு வரச்சொல்லப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. கைக்குழந்தையோடு பேராதனைக்கு வந்து, பஸ் மாறி, கண்டிக்கு எப்படி வருவது? சனம் கலங்கிப்போயிற்று. அவர்களைச் சமாதானப்படுத்தப் போதகர் நேரில் போனார். நானும், சபைச் செயலாளராக இருந்த என் சினேகிதியும் கூடப் போனோம். அவளுக்கும் இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு.

அங்கே போதகர் நெஞ்சில் கை வைத்தார். நானும் என் நெஞ்சில் கை வைத்தேன்; கையும் மொழிபெயர்ப்பில் சேர்த்திதான். “நான் இந்தச் சபையில் இருக்கும்வரை இந்தக் கதவை மூட விடமாட்டேன்” என்றேன் தமிழில். அவர் சிங்களத்தில் சொன்னது அதுவேதான். அங்கிருந்தவர்களுக்குக் கடைச் சிங்களம் தெரியும், பிரசங்கச் சிங்களம் பிடிபடாது. கூட்டம் முடிந்ததும் கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஓடிவந்து என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள், அவருடைய கையை அல்ல.

இரண்டு மாதம் போகவில்லை, மண்டபத்தை மூடுவதென்று சபைக் கமிட்டி தீர்மானித்தது. போதகர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று சினேகிதிதான் வந்து சொன்னாள். அடுத்த ஞாயிறு கலஹாச் சனங்கள் ஒரு வான் வண்டி பிடித்துக் கண்டிச் சபைக்கே வந்துவிட்டார்கள். ஆராதனை முடிகிற நேரம் அந்தக் கைக்குழந்தைக்காரி எழுந்தாள். “மூட விடமாட்டேன்னு சொன்னீங்களே ஐயா” என்றாள். அதை நான் சிங்களத்தில் அவருக்குச் சொன்னேன்.

போதகர் மிக அன்பாகப் பதில் சொன்னார். இதற்காக ஜெபிப்போம் என்று மட்டுமே தான் சொன்னாராம். மொழிபெயர்த்த சகோதரி உற்சாகத்தில் கூட்டிச் சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்டு, வழக்கம்போல் நிறுத்தினார், நான் மொழிபெயர்ப்பதற்காக.

பயத்தில் பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன். அந்தப் பொய்யை என் வாயாலேயே சொல்லவைக்கக் காத்துக்கொண்டு நின்றாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றவர்களின் பயத்தைப் பாவமென்று சொல்லித் திரிந்தவர், தன் பயத்தை என் தலையில் கட்டினார்.

மழுப்பியிருக்கலாம். எங்கேயோ ஒரு விளக்கக்குறைவு என்று பட்டும் படாமலும் சொல்லியிருந்தால் எல்லாரும் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒலிவாங்கியும் என்னிடமே இருந்திருக்கும். நான் அப்படியே மொழிபெயர்த்தேன்: “இதற்காக ஜெபிப்போம் என்று மட்டுமே நான் சொன்னேன். மொழிபெயர்த்த சகோதரி உற்சாகத்தில் கூட்டிச் சொல்லிவிட்டார்.”

பிறகு அரையடி முன்னால் வந்தேன்.

“இனிச் சொல்லுறது என்ர சொல். அண்டைக்குப் போதகர் சொன்னதைத்தான் நான் சொன்னனான். ஒரு சொல்லும் கூட்டேல்லை.”

அதையே சிங்களத்திலும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த சினேகிதியைப் பார்த்தேன். அவள் எழும்பக்கூடத் தேவையில்லை, இருந்தபடியே ஓம் என்று தலையாட்டினால் போதும். அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள். சபை கலையும்வரை தேடிக்கொண்டேயிருந்தாள்.

அடுத்த ஞாயிறு மேடையில் அவள் நின்றாள். நன்றாகத்தான் செய்தாள். போதகருக்கு ஓரடி பின்னால் நின்றாள். என்னோடு பஸ்ஸில் வந்து போனவள், அன்றைக்கு முச்சக்கரவண்டியில் போய்விட்டாள்.

மண்டபத்துக்குப் பூட்டு விழுந்த பிறகு, ஒரு பின்னேரம் கலஹா பஸ்ஸில் ஏறிப் போனேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கைக்குழந்தைக்காரியின் வீட்டு வாசலில் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். ஞாயிறுதோறும் நானே வந்து ஆராதனை நடத்துகிறேன், பிரசங்கமும் நானே செய்கிறேன் என்றேன். அதற்கு யாரும் எனக்கு அனுமதி தரவில்லை, நான் கேட்கவுமில்லை. அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று எண்ணிப் போயிருந்தேன். கைக்குழந்தைக்காரி பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

“இது நீங்க சொல்றதா அக்கா, இல்ல அவரு சொல்லச் சொன்னதா?”

நான் சொல்லுவதுதான் என்றேன்.

“அப்ப சரி. வராம விட்டீங்கன்னா யார வந்து பிடிக்கிறதுன்னு எங்களுக்குத் தெரியும்.”