வீங்கிய காலும் வீங்காத காலும்

போன மாதம் கிள்ளான் அம்மன் கோயிலில் தீ மிதித்தேன். மறுநாள் காலையில் வலது கால் வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே... தீயே தேவலாம்!

கால் சிவந்து, கொதித்து, தொட்டால் உயிர் போகிற வலி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் ஒருவர் கால் வீங்கினால் அது அவர் ஒருவருடைய விஷயமா? மத்தியானத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது — கிராணி விரதத்தில் ஏதோ குளறுபடி. கிராணி நான்தான். ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை.

"உண்மையச் சொல்லுங்க," என்றாள் என் மனைவி. "காப்பிக்கடையில அரைவேக்காட்டு முட்டை சாப்பிட்டீங்களா இல்லையா?"

இல்லை! முட்டை ஓட்டைக்கூடப் பார்க்கவில்லை. யார் நம்புகிறார்கள்?

பக்கத்து வீட்டு மருதமுத்து அண்ணன் கதையே வேறு. ரயில்வே பட்டறையில் மேஸ்திரி. என்னோடு அதே குழியில் இறங்கியவர். அவருக்கு வீக்கமில்லை, சிவப்பில்லை, வலியில்லை. மறுநாளே பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலமானால் அவர் வாசலில் கூட்டம் — பிள்ளைகளை அவர் காலில் விழவைத்து விபூதி வாங்கிக்கொண்டு போக. போகிற வழியில் என் காலையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

நொண்டிக்கொண்டே டாக்டரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். காலை அழுத்திப் பார்த்தார். கத்தினேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"நல்லா வீங்கியிருக்கு! கரித்துண்டு ஒண்டு குத்தி உள்ள நிக்குது. அதோட கிருமியும் போயிருக்கு. உடனே ரத்தத்தில இருக்கிற வெள்ளை அணுக்கள் ஓடி வருகினம். பிறக்கேக்கையே கூட வந்த காவல்காரர். அந்தச் சண்டைதான் இந்தச் சூடு, சிவப்பு, வீக்கம், வலி எல்லாம்."

"அப்ப இந்தச் சீழ்?"

"செத்த காவல்காரர். சண்டை முடியாமல் நீண்டு போனா அதுவே உடம்பைக் கெடுக்கும். அதுக்குத்தான் நான் இருக்கிறன்."

கீறிச் சீழை எடுத்தார். கரித்துண்டையும் எடுத்துக் கையில் கொடுத்தார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் விரதத்திலும் பழுதில்லை, என் உடம்பிலும் பழுதில்லை! கரித்துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு நேராக மருதமுத்து வாசலுக்குப் போனேன். கூட்டம் இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று, டாக்டர் சொன்னதை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன்.

மருதமுத்து அண்ணன் சிரித்தார். "கிராணியாரே, அம்மா காப்பாத்தும்போது காவல்காரன் எதுக்குலா? இந்தா, நல்லா பாருங்க!"

காலைத் தூக்கிக் காட்டினார். பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் கறுப்பாக ஓர் ஓட்டை. லேசான நாற்றம். சுற்றிலும் சிவப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. ஊரே தொட்டுக் கும்பிட்டது பாதத்தின் மேல்பக்கத்தை. அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவராவது பார்த்தாரா? அவர் பார்க்கலாமென்றால் தொந்தி மறைக்கிறது.

"அண்ணே, இது வலிக்கலையா?"

"வலியா? எனக்கா?"

என் காலில் ஒரு துளிக் கரிக்கு அத்தனை ஆர்ப்பாட்டம். இங்கே ஓட்டையே விழுந்திருக்கிறது, ஒரு காவல்காரரையும் காணோமே! டாக்டரிடம் வாருங்கள் என்றேன். அன்றும் சொன்னேன், மறுநாளும் சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன். டாக்டரிடம் போனால் அம்மன் கைவிட்டுவிட்டாள் என்று ஊர் பேசுமாம். கும்பிட வந்த கூட்டமோ எனக்குப் பொறாமை என்றது. மனுஷனுக்குக் கால் போய்விடும் என்கிறேன், பொறாமை என்கிறார்கள்... இவர்களை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

கடைசியில் அவர் மனைவி அஞ்சலையக்காதான் முடிவு கட்டினார். துவைப்பதற்காக அண்ணனின் சாக்ஸை எடுத்தவர், நாற்றம் தாங்காமல் அதைப் போட்டுவிட்டு நேரே வாசலுக்கு வந்தார்.

"அம்மா கோவிச்சுக்கிட்டா என்கிட்ட கோவிச்சுக்கட்டும். ரிக்‌ஷாவுல ஏறுங்க!"

ஏறினார்.

நீரிழிவு. எத்தனை காலமாக இருந்ததோ, யாருக்கும் தெரியாது. நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியவில்லை. காலுக்கு ரத்தம் சரியாகப் போகாததால் வெள்ளை அணுக்களும் போய்ச் சேரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முழங்கால் வரை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு விரல்களோடு போயிற்று.

குவாட்டர்ஸில் இப்போது புதுத் தீர்ப்பு — மருதமுத்து விரதத்தில்தான் ஏதோ குளறுபடி! என் மனைவி என்னிடம் கேட்ட முட்டைக் கேள்வியை இப்போது அஞ்சலையக்காவிடம் ஊரே கேட்கிறது. எந்தச் சுவரில் தலையை முட்டிக்கொள்வது?

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி படுத்திருந்தார் அண்ணன். திரும்பி என் காலைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"கிராணியாரே, உங்க கால் இன்னும் வலிக்குதா?"

"ஆமாண்ணே. நடந்தா வலிக்குது."

"குடுத்து வச்சவருய்யா நீங்க."